வலது கன்னத்தில் ஒரு மச்சம்

1

என் மகள் கன்னத்தில் இருக்கும் மச்சத்தை எடுக்க என் கையெழுத்து வேண்டுமாம்.

தியாவுக்குப் பதினெட்டு முடிய இன்னும் நான்கு மாதம் பாக்கி. மெல்போர்னில் நாங்கள் குடியிருக்கிற பக்கம் ஒரு தோல் டாக்டரம்மா இருக்கிறார். போன வெள்ளிக்கிழமை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன பூதக்கண்ணாடி ஒன்றை இவள் கன்னத்தில் வைத்து, விளக்கடித்து, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஊர் வெயில் பொல்லாதது. மச்சம் என்றாலே இவர்களுக்கு முதலில் புற்றுநோய்தான் ஞாபகம் வரும். ராசி, ஜாதகம், லட்சணம் எல்லாம் நம் ஊர்க் கவலைகள்.

"பயப்பட ஒன்றுமில்லை. அழகுக்காக எடுக்க வேண்டுமென்றால் எடுக்கலாம். ஆனால் ஏழு நாள் யோசிக்க வேண்டும். யோசித்துவிட்டு அம்மாவும் மகளும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று ஒரு தாளைக் கொடுத்தார்.

அந்தத் தாளில் மச்சம் என்ற சொல்லே இல்லை. 'லீஷன்' என்று போட்டிருந்தது. செல்போனில் அர்த்தம் தேடினால் புண் என்று வருகிறது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் பிள்ளை கன்னத்தில் என்ன புண்ணா இருக்கிறது? அங்கேயே கேட்டுவிட வாயெடுத்தேன். "அது அவங்க எல்லாத்துக்கும் சொல்ற வார்த்தைம்மா, சண்டைக்குப் போகாத" என்று தியா என் முழங்கையைப் பிடித்தாள்.

அதே தாளில் ஒரு கேள்வியும் இருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி மச்சம் உண்டா, யாராவது எடுத்திருக்கிறார்களா? டாக்டரம்மா வாயாலும் கேட்டார். தியா என் முகத்தைப் பார்த்தாள்.

நான் "இல்லை" என்றேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன், இங்கே யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு இருந்தது. வலது கன்னத்தில், அதே இடத்தில், அதே மிளகளவு. இருபத்திரண்டு வயதில் பாளையங்கோட்டையில் வைத்துச் சுட்டு எடுத்தேன். இப்போது அங்கே வெளுத்த தழும்பு ஒன்று இருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மைத் தழும்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்படிக் கேட்டவர்களில் என் வீட்டுக்காரரும் உண்டு, என் மகளும் உண்டு.

2

பத்தாம் வகுப்பு முடிக்கிற சமயம் நம் பள்ளிக்கூடங்களில் நடக்கிற கூத்து உங்களுக்குத் தெரியும். சான்றிதழுக்கு அங்க அடையாளம் எழுதுவது. ஆளுக்கு இரண்டு வேண்டும்.

பாளையங்கோட்டையில் நான் படித்தது பெண்கள் பள்ளி. வகுப்பு டீச்சர் ஜெபமணி டீச்சர். மேசை போட்டு உட்கார்ந்து வரிசையாகக் கூப்பிடுவார். சீவலப்பேரியில் இருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்குக் கஷ்டமே கிடையாது. லீவு நாளில் கதிரறுக்கப் போய் கையில் அரிவாள் பட்ட தழும்பு ஒன்றாவது இருக்கும். எங்களைப் போல டவுன் பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம். தாவணியை விலக்கி, கையைத் திருப்பி, கணுக்காலைத் தூக்கி, ஒருத்திக்கு ஒருத்தி மச்சம் தேடுவோம். ஒருத்தி ஒன்றுமே கிடைக்காமல் தடுப்பூசித் தழும்பைக் காட்டினாள். "அது நாட்டுல எல்லாருக்கும் இருக்கு, போட்டி அங்கிட்டு. நல்லாத் தேடிட்டு வா" என்று டீச்சர் விரட்டினார். அவள் அழுதே விட்டாள்.

என் முறை வந்ததும் டீச்சர் பேனாவை நிறுத்தவே இல்லை. "உனக்குத் தேட வேண்டாம்ட்டி. வாசல்லயே விளக்கு வச்சிருக்க" என்றார். எதிரே நின்றதால் முதலில் 'இ' என்று ஆரம்பித்துவிட்டார். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு, என் தோளைப் பிடித்துத் தன் பக்கமாகத் திருப்பிப் பார்த்து, அதை அடித்துவிட்டு எழுதினார். வலது கன்னத்தில் ஒரு மச்சம். உருண்டை உருண்டையான எழுத்து.

அன்றைக்கு எனக்கு என்ன பெருமை என்கிறீர்கள்! வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் என் கன்னத்தையே பார்த்தார்கள். என் முகத்தை நினைத்து நான் முழுதாகச் சந்தோஷப்பட்ட நாள் அது. அதற்கப்புறம் அப்படி ஒரு நாள் வந்ததாக ஞாபகம் இல்லை.

3

கல்லூரி முடிக்கும் முன்பே ஊர் மாறிவிட்டது. தெருவுக்கு ஒரு அழகு நிலையம். மாடியில் தோல் கிளினிக், வாசலில் லேசர் என்று பலகை. கல்யாண ஆல்பங்களில் எல்லாப் பெண்களும் ஒரே பாலில் முக்கி எடுத்தது மாதிரி வெள்ளையாக, வழவழவென்று இருந்தார்கள். பெண் பார்க்கக் கொடுக்கிற படத்தை ஸ்டுடியோக்காரர் கேட்காமலேயே 'டச்சப்' பண்ணிக் கொடுப்பார். என் படத்திலும் மச்சம் இல்லை. "இப்ப பாரு, லட்சணமா இருக்க" என்றார். கொண்டுவந்து வீட்டில் காட்டினால் எல்லோரும் நல்லா இருக்கு என்றார்கள். நானும் சொன்னேன்.

படத்தைப் பார்த்து வந்த முதல் இடம், என்னை நேரில் பார்த்துவிட்டுப் போகும்போது ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டுப் போனது. "பொண்ணு எல்லாம் சரிதான். அந்த மச்சந்தான்..." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது, பதிலும் வரவில்லை. முடிக்காத அந்த வாக்கியத்தை நான் ஒரு மாதம் எனக்குள்ளேயே முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று சுண்டுவிரலால் மச்சத்தை மூடி மூடிப் பார்ப்பேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானேதான் என் அக்கா செல்வியிடம் சொன்னேன், "என்னைக் கூட்டிட்டுப் போ."

ஒரு ஊசி. அப்புறம் தோல் கருகுகிற வாடை. நம்முடைய தோல்தான் கருகுகிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பஞ்சில் துடைத்துக் கூடையில் போட்டுவிட்டு, "முடிஞ்சுட்டும்மா, போலாம்" என்றார் டாக்டர்.

அடுத்த இடம் ஆஸ்திரேலியா மாப்பிள்ளை. உடனே முடிந்தது. பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்று அவசரம். விண்ணப்பத்தில் அடையாளம் கேட்ட இடத்தில் நான் சான்றிதழைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன், வலது கன்னத்தில் ஒரு மச்சம் என்று. ஆறு வருஷப் பழக்கத்தில் கை எழுதியதை மூளை பார்க்கவில்லை. நாலு நாளில் விசாரணைக்கு ஏட்டையா வீட்டுக்கு வந்துவிட்டார். காகிதத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"வலது கன்னத்துல மச்சம்னு போட்டிருக்கு. மச்சத்தை எங்கம்மா?"

அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர், காகிதம் என்றால் நடுங்குவார். அம்மா அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்து, "அது விழுந்துட்டுங்கய்யா" என்றாள்.

"மச்சம் என்ன மாம்பிஞ்சா, விழுறதுக்கு?"

கடைசியில் நான்தான் உண்மையைச் சொன்னேன். அந்த மனிதர் சிரித்தார். "சரி, தழும்புன்னு எழுதிக்கிடுதேன். இனிம இதையும் எடுத்துராத தாயி, எழுதுறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்று சொல்லிவிட்டு அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் கல்யாணம். தாலி கட்டி முடித்ததும் எங்கள் பக்கத்துச் சித்தி ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "பிள்ளை முகம் மொழுக்குன்னு இருக்கு, ஊரு கண்ணே பட்டுரும்" என்று விரலில் மையைத் தொட்டு என் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். வலது கன்னத்தில். சரியாக, சுட்ட இடத்திலேயே. மணவறையில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. புகையென்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

4

தியாவுக்கு அந்த மச்சம் மூன்று வயதில் வந்தது. குளிப்பாட்டும்போது ஏதோ ஒட்டியிருக்கிறது என்று தேய்த்தேன். போகவில்லை. குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சங்கர் பார்த்ததும் துள்ளினார். "எங்க சாத்தான்குளத்துப் பெரியத்தைக்கு இதே மாதிரி உண்டு! அப்படியே அத்தை!" ஊருக்குப் போன் போட்டார். அவர்கள் வீட்டிலும் எல்லோரும் ஆமா ஆமா என்றார்கள். அந்தப் பெரியத்தையை நான் எங்கள் கல்யாணத்திலேயே பார்த்திருக்கிறேன். அவருக்கு இருந்தது மூக்கில். ஆனாலும் நான் பேசாமல் இருந்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் விட்டேன், ஒரு வாரம் விட்டேன். அப்புறம் சொன்னால் 'இத்தனை நாள் ஏன் சொல்லல' என்கிற கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. அதுவே பதினாலு வருஷம் ஆகிவிட்டது.

பிள்ளைக்குப் பெயர் வைத்ததிலும் நான் இந்த லட்சணம்தான். எனக்குக் காந்திமதி என்று நெல்லை அம்மன் பெயர். இங்கே ஆபீஸ்களில் 'காந்தி' என்று கூப்பிட்டு, அந்தக் காந்திக்குச் சொந்தமா என்று கேட்பார்கள். அந்த எரிச்சலில் மகளுக்கு எல்லோரும் வைக்கிற பெயராகத் தேடி வைத்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தபோது அவள் வகுப்பில் மூன்று தியா.

இப்போது அந்த ஏழு நாள். இருந்த இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு எதற்குப் பற்ற வைத்தேன் என்று நிற்பேன். காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன். நான் வேலை பார்க்கிற குழந்தைகள் காப்பகத்தில் அந்த வாரம் பார்த்து, கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தைத் தானே வரைகிற பாடம். ஒரு சின்னக் குட்டி, விழுந்த பல்லின் ஓட்டையை வாயைவிடப் பெரிதாக வரைந்துகொண்டு வந்து காட்டினாள். "ரொம்ப அழகு" என்றேன். அது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் சொதி வைத்து, தியாவை உட்கார வைத்துப் பேச்சை ஆரம்பித்தேன்.

"யாராவது கேலி பண்ணுதாளா உன்னை?"

"இல்லம்மா."

"பின்ன என்னத்துக்கு எடுக்கணும்?"

"போட்டோ எடுத்தா நான் தெரியறதுக்கு முன்னாடி அதுதான் தெரியுது. முகம் கிளீனா இருக்கணும். ஸ்கூல் ஃபார்மல் வருது. எல்லாரும் எப்படி இருப்பாங்க, நான் மட்டும் இதோட."

ஃபார்மல் என்றால் பள்ளி முடிக்கிற பிள்ளைகள் உடுத்திக்கொண்டு போகிற விருந்து. ஆறு மாதமாக வீட்டில் அதே பேச்சுத்தான். இவளுடைய சிநேகிதி எமிலி தினமும் காலையில் ஒரு பழுப்புப் பென்சிலை எடுத்து மூக்கிலும் கன்னத்திலும் பொட்டுப் பொட்டாகப் புள்ளி வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். என் கண்ணால் பார்த்தேன்.

"அந்தப் பிள்ளை இல்லாததை வரைஞ்சுக்கிட்டு அலையுது. நீ இருக்கறதைச் சுரண்டப் போற. இது என்ன கூத்து?"

"அது இப்ப ட்ரெண்டும்மா. அது அழகு. இது சும்மா ஒண்ணு."

"அவ அழகு அவளுக்கு, உன் அழகு உனக்கு. ஊரு செய்யுதேன்னு நாமளும் செய்யக்கூடாது" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே சகிக்கவில்லை. யார் சொல்வது?

தியா சொதியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் நிமிர்ந்து, "நீ ஏம்மா எல்லா போட்டோலயும் வலது பக்கத்தைத் திருப்பிக்கிற? ஒரு சின்ன அம்மைத் தழும்பு. அதுக்கே நீ அவ்வளவு மறைக்கிற. எனக்குச் சொல்ல வந்துட்ட" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பிள்ளைகள் நம்மைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறார்கள் என்று நாம் புலம்புகிறோம். சும்மா. எல்லாம் பார்க்கிறார்கள்.

5

செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு வீடியோவில் போன் போட்டேன். அக்கா வண்ணார்பேட்டையில் இருக்கிறாள். ஐம்பது தொடப் போகிறவள், போனில் ஏதோ ஒன்றைப் போட்டு வைத்திருப்பதால் என் மகள் வயதில் தெரிவாள். அதை எடுத்துவிட்டுப் பேசச் சொல்லி நான் சொல்லாத நாளில்லை.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஏட்டி காந்தி, இதுக்குப் போய் இந்தப் பாடா? சவத்தை எடுத்துட்டுப் போகட்டும். நீ எடுக்கலையா? நல்லாத்தான இருக்க?"

"நல்லாவா இருக்கேன்?"

"நாந்தான உன்னைக் கூட்டிட்டுப் போனேன்" என்றாள் அக்கா. "மாடிப்படி எறங்கயில கன்னத்தைப் பொத்திக்கிட்டே வந்த. ஆட்டோவுல வீடு வர ஒரு வார்த்தை பேசல. வலிக்காட்டின்னு கேட்டேன். இல்லைன்னு தலைய ஆட்டுன. அது இன்னும் என் மனசுல அப்படியே கிடக்கு."

பேச்சை மாற்றுவதற்காக, அதற்கு முன்னால் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அக்கா அன்றைக்கே போய் அம்மா வீட்டுப் பீரோவைக் குடைந்திருக்கிறாள். மறுநாள் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அனுப்பினாள். பூப்புனித நீராட்டு விழாப் படம், ஸ்டுடியோவில் எடுத்தது, கன்னம் சுத்தம். கல்லூரி அடையாள அட்டைப் படம், சுத்தம். பள்ளிக்கூட குரூப் போட்டோவில் என் முகமே மிளகளவுதான். "ஒண்ணுலயும் இல்லட்டி. எல்லாத்துலயும் அந்தப் பாவி தொடைச்சு வச்சிருக்கான்" என்று அக்கா பேசி அனுப்பியிருந்தாள்.

ஆக, டாக்டர் சுட்டு எடுக்கும் முன்பே ஸ்டுடியோக்காரர் ஆண்டு ஆண்டாக எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் எப்படி இருந்தேன் என்பதற்கு ஒரு படம் கூடக் கிடையாது. விசா, குடியுரிமை என்று நாடு நாடாகத் தூக்கிச் சுமந்த பிளாஸ்டிக் பையைக் கீழே இறக்கிச் சான்றிதழைத் தேடி எடுத்தேன். அது இருந்தது. அடித்த 'இ'. அதற்குப் பக்கத்தில் ஜெபமணி டீச்சரின் உருண்டை எழுத்து.

என் பழைய முகத்துக்கு இந்த ஒரு வரியும் என் மகளின் முகமும்தான் மிச்சம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? எனக்காக உன் கன்னத்தில் அதை வைத்துக்கொள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை? அவள் முகம் என் முகத்தைப் பத்திரப்படுத்துகிற பெட்டியா? என்னமோ போ என்று விடவும் முடியவில்லை. சான்றிதழை மடிக்காமல் என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

6

வெள்ளிக்கிழமை கிளினிக் வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். தியா நம்பவில்லை. "நிஜமாவா?" என்றாள். "உன் முகம். நான் மறிக்க மாட்டேன்" என்றேன்.

டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்தார். வழக்கமாகக் கேட்கிற மாதிரி, "போன வாரம் சொன்னதில் ஏதாவது மாற்றம் உண்டா?" என்றார்.

"உண்டு" என்றேன். "எனக்கு இருந்தது. இதே இடத்தில். நான் எடுத்துவிட்டேன்."

என் பக்கத்து நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. எப்போது எடுத்தது, எப்படி எடுத்தது, எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டே போனார். பஞ்சில் துடைத்துக் கூடையில் போட்டார்கள் என்றேன். எழுதிக்கொண்டார். அதே பூதக்கண்ணாடியை என் தழும்பில் வைத்துப் பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறது, கவலை இல்லை என்றார். அப்புறம் தியாவிடம், "அம்மா கையெழுத்துப் போட்டாயிற்று. உன் கையெழுத்துத்தான் பாக்கி. அவசரம் ஒன்றும் இல்லை" என்றார்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றாள் தியா.

காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் வெடித்தாள்.

"சாத்தான்குளத்து அத்தைன்னாங்களே எல்லாரும்! போன வாரம் நீ இல்லைன்னு சொன்னப்ப அத்தையை மறந்துட்டன்னு நினைச்சேன்!"

"அந்த அத்தைக்கு மூக்குல."

அவள் சிரிக்கவில்லை. "நீ சும்மா கேட்டுட்டு இருந்தியே. பதினாலு வருஷம்! கலர் அப்பா, முடி அப்பா, உயரம் அப்பா, இதுவும் அப்பா வீட்டு அத்தைன்னு சொன்னாங்க. உன்னை மாதிரி எங்கிட்ட ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சிருந்தேன்மா. இந்த வீட்டுல யாருக்கும் இல்லாத ஒண்ணு எனக்கு மட்டும் இருக்குன்னு நினைச்சேன்."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் பயந்தது என் பொய் வெளியே வந்துவிடுமே என்றுதான். அந்தப் பொய் இவளைத் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. பாவி மட்டை நான்.

"போட்டோ காட்டு" என்றாள்.

"இல்ல. எல்லாத்துலயும் அழிச்சுட்டாவ."

கைப்பையில் இருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டினேன். தமிழ்ப் பள்ளியை எட்டாம் வகுப்போடு விட்டவள். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். வ, ல, து. கன்னத்தில். ஒரு. மச்சம் என்ற சொல் வந்ததும் நிறுத்தி, என் கன்னத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை முதலில் இருந்து வாசித்தாள்.

"வலிச்சுதா?"

"ஊசி போட்டு மரக்க வச்சுத்தான் எடுத்தாவ. அன்னைக்கு வலிக்கல. உனக்கு மூணு வயசுல வந்துது பாரு, அன்னைக்கு வலிச்சுது."

அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தபடியே, "அப்பாகிட்ட நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"சொல்லுதேன்" என்றேன்.

7

மூன்று வாரம் ஆயிற்று. சொல்லவில்லை. காப்பி கொடுக்கும்போது வாய் வரைக்கும் வரும், அவர் பால் விலையைப் பற்றி ஏதாவது ஆரம்பிப்பார், உள்ளே போய்விடும். தியா ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாள். நான் பார்க்காத மாதிரி பாத்திரம் கழுவுவேன். இங்கன ஒரு காரியத்தை முடிக்க ஏழு நாள் கொடுக்கிறார்கள். எனக்கு எத்தனை ஏழு நாள் கொடுத்தாலும் போதாது.

அந்தத் தாள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் இருக்கிறது. என் கையெழுத்து இருக்கிறது, அவள் இடம் காலியாக இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் முதலில் அங்கேதான் என் கண் போகிறது. இன்னும் மூன்று மாதம் போனால் என் கையெழுத்தே தேவைப்படாது. அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இன்றைக்குத்தான் ஃபார்மல். மத்தியானமே எமிலி பென்சில் பெட்டியோடு வந்துவிட்டாள். அறைக்குள் ஒருத்திக்கு ஒருத்தி அலங்காரம். துணி மடித்துக்கொண்டு நடைபாதையில் போனபோது எமிலி கேட்டது காதில் விழுந்தது. இதை மூடிவிடட்டுமா? நான் துண்டும் கையுமாக நின்றேன்.

"வேண்டாம். இன்னைக்கு இருக்கட்டும்" என்றாள் தியா.

இன்னைக்கு என்றுதான் சொன்னாள். நானும் அதற்கு மேல் எதையும் ஏற்றிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் எமிலி தன் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். தியா கரும்பச்சை உடையில் கூடத்துக்கு வந்து நின்றாள். என் பிள்ளையா இது என்று இருந்தது. என்னை அறியாமல் கை அலமாரிக்குப் போய் மைடப்பாவை எடுத்துவிட்டது. கண் பட்டுவிடுமே. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து அனுப்பலாம் என்று விரலில் மையைத் தொட்டுக்கொண்டு போனேன்.

"எனக்கு எதுக்கும்மா? எனக்குத்தான் இருக்கே" என்றாள்.

என் கையில் இருந்த டப்பாவை வாங்கினாள். விரலில் மையைத் தொட்டாள். "நகராத" என்று என் தாடையைப் பிடித்து, தழும்பு மேல் அழுத்தி வைத்தாள். கண்ணாடியில் பார்த்தேன். தழும்பைவிட ஒரு நூல் மேலே வைத்துவிட்டாள். நான் திருத்தவில்லை.

சங்கர் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "நேரமாச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க, ஒரு படம் எடுத்துருதேன்" என்றார். நான் பழக்கத்தில் வலது பக்கத்தைத் திருப்பினேன். தியா என் தாடையைப் பிடித்து நேராக வைத்தாள்.

சங்கர் போனைக் கொஞ்சம் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"ஏ காந்தி, கன்னத்துல என்ன கருப்பா? எப்ப வந்துது?"

தியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறந்ததுல இருந்தே இருக்கு" என்றேன். "முதல்ல படத்தை எடுங்க."